பந்தய செயின்சாவுக்கு ஓர் அலுமினிய மேனிஃபோல்டு: நிகழ்வு ஆய்வு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், நான் வேலை செய்யும் சிறிய மெஷின் ஷாப்புக்கு வந்த ஒரு பந்தய செயின்சா (மோட்டார் ரம்பம்) வேலையின் பதிவு இது. ரம்பத்தின் உரிமையாளர் யார், எந்த ஊர், எந்தக் கண்காட்சி என்ற விவரங்களை விட்டுவிட்டேன். என்ன பார்த்தோம், ஏன் அப்படி முடிவெடுத்தோம், பிறகு என்ன ஆனது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை மாற்றியமைத்து ஓட்டுபவர்கள் நம்மூரிலும் நிறைய இருக்கிறார்கள். கையில் இருப்பது ரம்பமாக இல்லாமல் ஆர்எக்ஸ் 100 பைக்காகவோ கோ-கார்ட்டாகவோ இருந்தாலும் இங்கே சொல்லும் கோளாறு அதே மாதிரிதான் வரும்.

பின்னணி

செயின்சா பந்தயம் வட அமெரிக்காவின் மரவெட்டு ஊர்களில் வளர்ந்த விளையாட்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹேவர்ட் என்ற ஊரில் 1960 முதல் மரவெட்டிகளுக்கான உலகப் போட்டி நடக்கிறது. 1985-இல் தொடங்கிய ஸ்டில் டிம்பர்ஸ்போர்ட்ஸ் தொடரில் 'ஹாட் சா' என்று ஒரு பிரிவு உண்டு. படுக்கை வசத்தில் பொருத்திய 46 செ.மீ. விட்டமுள்ள கட்டையில், 15 செ.மீ. அகலத்துக்குக் கோடு போட்டிருப்பார்கள். அதற்குள் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், மறுபடி மேலிருந்து கீழ் என்று மூன்று முழு வட்டுகளை அறுத்துத் தள்ள வேண்டும். அந்த ரம்பங்களில் 350 சிசி வரை ஒற்றை சிலிண்டர் எஞ்சின் இருக்கலாம். சங்கிலி மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி ஓடும்.

எங்களிடம் வந்தது அவ்வளவு பெரியது இல்லை. இலையுதிர் காலத்தில் இங்கே ஊருக்கு ஊர் விவசாயக் கண்காட்சி நடக்கும். சில இடங்களில் அதோடு சேர்த்து 'ஓப்பன் கிளாஸ்' ரம்பப் பந்தயமும் இருக்கும். சதுரமாக அறுத்த பைன் உத்தரத்தில் மூன்று வெட்டு. முதலில் முடிப்பவருக்கு வெற்றி. எஞ்சினில் என்ன மாற்றம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

உரிமையாளர் காட்டு வேலை செய்பவர், ஐம்பதைக் கடந்தவர். அவருடைய ரம்பம் ஒரு ஹஸ்குவர்னா 3120. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 60 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 42 மி.மீ., கிட்டத்தட்ட 119 சிசி. கம்பெனியிலிருந்து வரும்போது சுமார் 8 குதிரைத்திறன் தரும், பெரிய மரங்களைப் பலகையாக அறுக்கப் பயன்படும் இயந்திரம். அதில் போர்ட்டுகளை (சிலிண்டர் சுவரில் காற்றும் புகையும் போய்வரும் வாய்கள்) பெரிதாக்கி, எக்ஸ்பான்ஷன் சேம்பர் (நடுவில் புடைத்த பகுதி) வைத்த எக்ஸாஸ்ட் பைப் மாட்டி, பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால் ஊற்றி, 13,000 ஆர்பிஎம் வரை ஓட்டிக்கொண்டிருந்தார். 3/8 அங்குல பிட்ச் சங்கிலியில், அதை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் ஒரு பல் 19.05 மி.மீ. நகர்த்தும். எட்டுப் பல் ஸ்ப்ராக்கெட் என்றால் ஒரு சுற்றுக்கு 152.4 மி.மீ. இந்தக் கணக்கில் 13,000 ஆர்பிஎம்மில் சங்கிலியின் வேகம் நொடிக்கு 33 மீட்டர், அதாவது மணிக்கு 119 கிலோமீட்டர். கையில் பிடித்துக்கொண்டு ஓட்டும் பொருளுக்கு இது சின்ன வேகமே இல்லை.

ரம்பம் வந்த நிலை

அவர் கேட்டு வந்தது மூன்று பாகங்கள்: புது அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டு (கார்பரேட்டரிலிருந்து சிலிண்டருக்குக் காற்றும் எரிபொருளும் போகும் குழாய்), கழற்றி மாட்டக்கூடிய சிலிண்டர் ஹெட், சங்கிலி பிடிக்கும் கொக்கி. ஆனால் பெரிய பிரச்சினை வேறு. அந்தக் கோடையில் பிஸ்டன் இரண்டு முறை சீஸ் ஆகியிருந்தது, அதாவது சிலிண்டருக்குள் இறுகிச் சிக்கியிருந்தது.

ஏற்கெனவே இருந்த மேனிஃபோல்டு வேறு ஓர் இடத்தில் செய்தது. 5 மி.மீ. தகட்டில் ஒரு ஃபிளாஞ்சு (போல்டு போட்டு இணைக்கும் தட்டை விளிம்பு) வெட்டி, அதில் அலுமினியக் குழாயை ஆர்கான் வெல்டிங் செய்து, மறுமுனையில் இன்னொரு ஃபிளாஞ்சு. நடுவில் 125 சிசி மோட்டோகிராஸ் பைக்கிலிருந்து எடுத்த ரீட் பிளாக் (காற்றை உள்ளே மட்டும் விடும் மெல்லிய இதழ்கள் கொண்ட வால்வு). வெல்டு பார்வைக்கு நன்றாகவே இருந்தது. நாணயங்களை அடுக்கி வைத்தாற்போல ஒரே சீர். செய்தவர் கை தேர்ந்தவர் என்பதில் சந்தேகமில்லை.

இரண்டு முறையும் பிஸ்டன் போன விதம் ஒன்றுதான்: எக்ஸாஸ்ட் பக்கம் மேலிருந்து கீழாக நீளக் கோடுகள், ரிங் ஒட்டிக்கொண்டது. எரிபொருள் குறைந்து காற்று கூடினால் வரும் சேதம் இது. பார்த்தவர்கள் எல்லோரும் கார்பரேட்டரைத்தான் சந்தேகப்பட்டார்கள். அதில் நியாயமும் இருந்தது. பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4 பங்கு போதும். அப்படியென்றால் அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் எரிபொருள் பாய வேண்டும். ஜெட் (கார்பரேட்டரில் எரிபொருள் பாயும் துளை) சிறியதாக இருந்தால் நிச்சயம் சீஸ் ஆகும். அவரும் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசியைத் திறந்துகொண்டே போயிருந்தார். ஐடிலில் (வேகம் கொடுக்காமல் ஓடும்போது) புகைந்து தள்ளும். முழு வேகத்தில் சில நொடி ஓடியதும் எஞ்சின் சத்தத்தின் சுருதி ஏறிக்கொண்டே போகும்; எரிபொருள் குறைவதன் அடையாளம் அது. மெத்தனாலில் ஓடும் எஞ்சினில் பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சொல்வதும் கடினம். பெட்ரோலில் படிவதுபோல் இதில் கரி படியாது.

ஐடிலில் எரிபொருள் மிகுதி, சூடேறியதும் பற்றாக்குறை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஜெட் சிறியது என்ற விளக்கம் பொருந்தவில்லை. ஜெட் சிறியதாக இருந்தால் அது சூடாகும் வரை காத்திருக்காது.

காற்று எங்கே நுழைகிறது

புதுப் பாகம் எதையும் வரைவதற்கு முன் பிரஷர் டெஸ்ட் (உள்ளே காற்று அடித்துக் கசிவு பார்ப்பது) செய்வது என்று முடிவெடுத்தோம். உரிமையாளருக்கு அதில் விருப்பமில்லை. முன்பே ஓரிடத்தில் செய்து, கசிவு இல்லை என்று சொல்லியிருந்தார்கள். எப்படிச் செய்தார்கள் என்று கேட்டபோது, கிரேங்க் கேஸ் (சிலிண்டருக்குக் கீழே கிரேங்க் சுழலும் பெட்டி) பக்கமிருந்து காற்று அடித்ததாகச் சொன்னார்.

ரீட் வால்வு உள்ள எஞ்சினில் எந்தப் பக்கமிருந்து காற்றை அடிக்கிறோம் என்பது முக்கியம். ரீட் இதழ்கள் உள்ளே மட்டும் திறப்பவை. கிரேங்க் கேஸிலிருந்து அழுத்தினால் அவை மூடிக்கொள்ளும். அதற்கு வெளியே இருக்கும் இணைப்புகளுக்குக் காற்று போகவே போகாது. அதனால் எரிபொருளை முழுக்க வடித்துவிட்டு, கார்பரேட்டரைக் கழற்றி, அந்த வாய்க்கு ஒரு தகட்டை வைத்து அதன் வழியாக அடித்தோம். எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் ஷீட்டும் தகடும் வைத்து இறுக்கி, போர்ட்டுகள் திறந்திருக்கும்படி பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்தோம். அழுத்தம் 0.5 பார். அதற்கு மேல் போனால் கிரேங்க் சீல் பிதுங்கிக்கொள்ளும்.

முள் மெதுவாக இறங்கியது. கசிவு இருக்கிறது, ஆனால் பிஸ்டனையே தின்னும் அளவு இல்லை. சோப்புத் தண்ணீர் தடவியும் தெளிவாக எதுவும் தெரியவில்லை. இதோடு நிறுத்தியிருந்தால் நாங்களும் கார்பரேட்டரைத்தான் காரணம் சொல்லியிருப்போம்.

வெல்டிங் பிரிவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, அது சூட்டில தானே பழுதாகுது. நீங்கள் குளிரில வச்சுப் பாக்கிறியள்," என்றார். சரியான பேச்சு. ஹீட் கன்னால் சிலிண்டரையும் ஃபிளாஞ்சையும் தொட முடியாத சூட்டுக்கு, 100 டிகிரியை ஒட்டிக் கொண்டுவந்து மறுபடி அடித்தோம். முள் சில நொடிகளில் பூஜ்ஜியத்துக்குப் போய்விட்டது. சிலிண்டரோடு சேரும் ஃபிளாஞ்சின் கீழ் விளிம்பில், இரண்டு போல்டுகளுக்கு நடுவில், சோப்பு நுரை வரிசையாகக் கொப்பளித்தது.

மேனிஃபோல்டைக் கழற்றி, துல்லியமாக மட்டம் செய்த சர்ஃபேஸ் பிளேட்டில் புளூ (தொடும் இடத்தில் மட்டும் ஒட்டும் நீலச் சாயம்) தடவித் தேய்த்தபோது காரணம் தெரிந்தது. நீலம் நான்கு மூலையில் மட்டும் ஒட்டியது, நடுவில் ஒட்டவே இல்லை. அங்கே 0.15 மி.மீ. ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக உள்ளே போனது. குழாயைச் சுற்றிப் போட்ட வெல்டு ஆறும்போது சுருங்கி, மெல்லிய தகட்டை இழுத்து வளைத்திருக்கிறது. அந்த இடைவெளியை கேஸ்கெட் சீலன்ட்டை (இணைப்பை அடைக்கும் பசை) தடிமனாகத் தடவி அடைத்திருந்தார்கள். குளிர்ந்திருக்கும்போது அது தாங்கியது. சூடும் மெத்தனாலும் சேர்ந்ததும் இளகி வழி விட்டது. சுரண்டியபோது சூயிங்கம் பதத்தில் கையோடு வந்தது.

வெல்டு செய்வதா, கட்டியிலிருந்து குடைவதா

முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, இருப்பதையே மில்லிங் மெஷினில் வைத்து முகத்தை மட்டம் செய்வது. ஒரு மணி நேர வேலை. ஆனால் 5 மி.மீ. தகடு இன்னும் மெலியும். போதாததற்கு அது வெல்டை ஒட்டி மென்மையாகிப்போன தகடு. 6061 ரக அலுமினியம் T6 நிலையில் (சூடேற்றிக் கடினமாக்கிய நிலை) சுமார் 275 மெகாபாஸ்கல் வரை வளையாமல் தாங்கும். வெல்டை ஒட்டிச் சூடு பட்ட பகுதியில் அது ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். மறுபடி T6 நிலைக்குக் கொண்டுவர 530 டிகிரிக்குச் சூடேற்றி, தண்ணீரில் அமிழ்த்தி, பிறகு குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைக்க வேண்டும். அதற்குள் வடிவம் கோணிப்போகும்.

இரண்டாவது, தடிமனான ஃபிளாஞ்சு வைத்து மறுபடி வெல்டு செய்து, எல்லா வெல்டும் முடிந்த பிறகு முகங்களை மில் செய்வது. இதில் தப்பில்லை, பல இடங்களில் இதுதான் சரியான முறை. ஆர்கான் வெல்டிங்கில் 4043 கம்பி பயன்படுத்தினால் இந்தச் சூட்டுக்குத் தாங்கும். 5356 கம்பி வலிமை கூடியதுதான், ஆனால் 65 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடாகும் இடத்தில் நாளடைவில் விரிசல் விடும். எஞ்சினை ஒட்டிய பாகத்துக்கு அது ஆகாது.

மூன்றாவது, வெல்டே இல்லாமல் முழுக் கட்டியிலிருந்து குடைந்தெடுப்பது. பொருள் அதிகம் வீணாகும், நேரமும் அதிகம். ஆனால் கோணும் பேச்சே இல்லை.

மூன்றாவதைத் தேர்ந்தோம். முக்கியக் காரணம் அந்தப் பாகம் இருக்கும் இடம். ஒரு முனை சுடும் சிலிண்டரோடு ஒட்டியிருக்கிறது. மறுமுனையில் மெத்தனால் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால், ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்பரேட்டர் பக்கம் வியர்த்து நனைந்திருக்கும். ஒரு சாண் நீளம்கூட இல்லாத பாகத்தில் இந்தப் பக்கம் கை வைக்க முடியாது, அந்தப் பக்கம் ஜில்லென்று இருக்கும். இவ்வளவு வெப்ப வித்தியாசத்தில் வேலை செய்யும் பாகத்துக்குள் வெல்டின் உள்ளிழுப்பும் சேரவேண்டாம் என்று நினைத்தோம்.

உரிமையாளர் எங்கிருந்தோ 7075 என்ற இன்னொரு ரக அலுமினியத் துண்டு கொண்டுவந்திருந்தார். 500 மெகாபாஸ்கல் தாங்கும், விமானத்தில் போடுவது என்று அதையே பயன்படுத்தச் சொன்னார். மறுத்தோம். இந்தப் பாகம் எடை எதையும் சுமக்கவில்லை. அது செய்யவேண்டியது மட்டமாக உட்கார்ந்து காற்றை அடைப்பது மட்டும்தான். 7075-இல் துத்தநாகமும் செம்பும் இருப்பதால் அரிப்பைத் தாங்குவதில் அது 6061-ஐவிடப் பின்தங்கியது. மெத்தனால் ஓடும் பாதைக்கு அது வேண்டாம் என்று விளக்கியதும் ஒத்துக்கொண்டார்.

செய்த விதம்

6061-T6511 பட்டை வாங்கினோம். கடைசியில் வரும் அந்த 511, பட்டையை இழுத்து உள்ளழுத்தத்தைத் தளர்த்தியிருக்கிறார்கள் என்பதைக் குறிக்கும். அது இல்லாத பட்டையில் ஒரு பக்கம் ஆழமாகக் குடைந்தால், வைஸிலிருந்து எடுத்ததும் வளைவதைப் பார்த்திருக்கிறேன்.

ஃபிளாஞ்சின் தடிமனை 5-இலிருந்து 12 மி.மீ. ஆக்கினோம். போல்டுகள் M5. சிலிண்டரிலிருந்த துளைகளில் த்ரெட் தேய்ந்திருந்ததால் ஹெலிகாயில் (புது த்ரெட் தரும் கம்பிச் சுருள்) போட்டோம். அலுமினியத்துக்குள் போகும் போல்டு தன் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது த்ரெட்டில் பிடிக்க வேண்டும். இங்கே அது 10 மி.மீ. பழைய அமைப்பில் ஆறுகூட இல்லை.

கஷ்டமான இடம் உள்வழி. ரீட் பிளாக்கின் வாய் செவ்வகம், சிலிண்டர் போர்ட்டோ முட்டை வடிவம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் படியில்லாமல் மாறிப்போக வேண்டும். இரண்டு பாதியாகச் செய்து சேர்த்தால் குடைவது சுலபம். ஆனால் காற்று நுழைய இன்னொரு இணைப்பை நாமே உண்டாக்கியதாகிவிடும். அதனால் ஒரே கட்டியை இரண்டு பக்கமிருந்தும் குடைந்து, நடுவில் மிஞ்சிய விளிம்பை டை கிரைண்டரால் கையால் தேய்த்தோம். அலுமினியம் பர்ரின் (கிரைண்டரில் சுழலும் அரம்) பற்களில் அப்பிக்கொள்ளும். பர்ரை அவ்வப்போது மெழுகுவர்த்தியில் ஓட்டிக்கொண்டால் அப்பாது. நம்மூர்ப் பட்டறைகளில் மண்ணெண்ணெய் தொட்டுக்கொள்வோமே, அந்த வேலையைத்தான் இங்கே மெழுகு செய்கிறது. உட்சுவரைப் பளபளவென்று ஆக்கவில்லை. லேசான சொரசொரப்பு இருப்பது எரிபொருள் சுவரோடு வழியாமல் காற்றோடு கலக்க உதவும் என்பது என் அனுபவம்.

முகங்களை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டோம். குடைவது, துளையிடுவது, த்ரெட் போடுவது எல்லாம் முடிந்து, வைஸிலிருந்து கழற்றி ஓரிரவு வைத்துவிட்டு, மறுநாள் மென்மையாகப் பிடித்து ஃபிளை கட்டரில் ஒரு மெல்லிய ஓட்டம். அப்புறம் கிரானைட் பிளேட்டில் 400 நம்பர் எமரி பேப்பரை விரித்து, எண்ணெய் விட்டு எட்டு வடிவத்தில் தேய்த்தோம். புளூ முகம் முழுக்கப் படிந்தது. 0.02 மி.மீ. ஃபில்லர் எங்கேயும் நுழையவில்லை. மெல்லிய பேப்பர் கேஸ்கெட் ஒன்றே போதுமாக இருந்தது, சீலன்ட் தேவைப்படவில்லை.

மாட்டிவிட்டு, குளிரில் ஒரு முறை, ஹீட் கன்னால் 100 டிகிரிக்குக் கொண்டுவந்து ஒரு முறை, பிறகு உறிஞ்சும் பம்ப்பால் ஒரு முறை சோதித்தோம். முள் அசையவில்லை. உரிமையாளரை அழைத்து அதைக் கண்ணால் பார்க்கச் சொன்னோம்.

ஹெட்டும் கொக்கியும்

கழற்றி மாட்டும் ஹெட்டை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இந்த ரம்பத்தில் சிலிண்டரும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. மேல்பகுதியை வெட்டியெடுத்து, அலுமினியக் கட்டியில் புது ஹெட் குடைந்து, ஓ-ரிங் வைத்து மூடலாம், பந்தயக்காரர்கள் செய்வதுதான். ஆனால் கசிவால் சீஸ் ஆன எஞ்சினில், அந்தக் கசிவு நின்றது என்று ஓட்டிப் பார்த்து உறுதியாகும் முன் இன்னொரு மூடும் முகத்தைச் சேர்த்தால், அடுத்த கோளாறு எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பதில் சிலிண்டரின் அடிமுகத்தை லேத்தில் கொஞ்சம் சீவி, பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் குறைத்தோம். பிளக் துளை வழியாக சால்டர் கம்பியை விட்டு, கிரேங்க்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய முனையை மைக்ரோமீட்டரில் அளந்தோம். கம்பியை பிஸ்டன் பின் இருக்கும் திசையிலேயே விட வேண்டும். குறுக்கே விட்டால் பிஸ்டன் ஆடித் தப்பான அளவு காட்டும். இரண்டு பக்கமும் 0.55 மி.மீ. வந்ததும் நிறுத்திக்கொண்டோம்.

சங்கிலி அறுந்தாலோ கழன்றாலோ அதைப் பிடித்துக்கொள்ளும் கொக்கியை அலுமினியத்தில் செய்தோம். பழையது எப்போதோ உடைந்துபோய், அது இல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தார். இதைக் கடினமான எஃகில் செய்யச் சொல்லி அவர் கேட்டார். இது மென்மையாக இருப்பதே நல்லது. வேகமாக வரும் சங்கிலியை வாங்கித் தானே நசுங்கிப்போக வேண்டும்; மாற்றுவதும் சுலபம். கூடவே இரண்டு உபரி செய்து கொடுத்தோம். பின்கைப்பிடியின் கீழே கைக்காப்புத் தகடும் சேர்ந்தது. இவை இரண்டும் மாட்டாமல் ரம்பத்தைத் தரமாட்டோம் என்று எங்கள் ஷாப் மேலாளர் சொல்லிவிட்டார். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

முதல் ஓட்டமும் பிராக்கெட் விரிசலும்

ஓட்டிப் பார்த்தது உரிமையாளரின் தோட்டத்தில். மெத்தனால் பகல் வெளிச்சத்தில் எரிந்தால் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும் பக்கத்தில். சங்கிலி ஓடும் தளத்துக்கு நேராக யாரும் நிற்கவில்லை.

எஞ்சின் நடந்துகொண்ட விதமே மாறியிருந்தது. ஊசியை முன்பிருந்ததைவிட நன்றாக மூட வேண்டியிருந்தது. ஐடில் புகையில்லாமல் நின்றது. முழு வேகத்தில் சுருதி ஏறி, ஓரிடத்தில் நின்று, அங்கேயே இருந்தது. கட்டையில் இறக்கியதும் மரத்தூள் நூலாக வந்தது.

சில வெட்டுகளுக்குப் பிறகு எக்ஸாஸ்ட் பைப்பிலிருந்து மெல்லிய கிணுகிணு சத்தம் கேட்டது. பைப்பைப் பின்னால் தாங்கும் அலுமினிய பிராக்கெட்டும் பழைய வேலைதான். வெல்டு நன்றாகத் தெரிந்ததாலும், கண்காட்சிக்கு நாள் குறைவாக இருந்ததாலும், அதை அப்படியே விடச் சொல்லியிருந்தார் உரிமையாளர். கழற்றி, விரிசலுக்குள் இறங்கும் சிவப்பு டை தடவித் துடைத்து, அதை வெளியே இழுத்துக் காட்டும் டெவலப்பர் அடித்துப் பார்த்தபோது வெல்டின் ஓரத்தை ஒட்டி மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு பாதி அகலத்துக்கு ஓடியிருந்தது.

காரணம் இரண்டு. பைப் முன்னால் சிலிண்டரோடும் பின்னால் இந்த பிராக்கெட்டோடும் விறைப்பாகக் கட்டப்பட்டிருந்தது. 40 செ.மீ. எஃகுக் குழாய் 400 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 மி.மீ. நீளும். நீள இடமில்லாவிட்டால் பிராக்கெட்டைத்தான் வளைக்கும். அதோடு அதிர்வு. ஒற்றை சிலிண்டர் 13,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 217 முறை குலுங்கும். பத்தே நிமிடத்தில் 1,30,000 குலுக்கல். எஃகுக்கு, ஒரு அளவுக்குக் கீழே எத்தனை முறை ஆட்டினாலும் உடையாது என்று ஓர் எல்லை உண்டு. அலுமினியத்துக்கு அப்படி எல்லை கிடையாது. எவ்வளவு சின்ன ஆட்டமாக இருந்தாலும் எண்ணிக்கை சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் விரிசல் விடும். வெல்டின் ஓரம் மென்மையானது, அங்கே ஒரு படியும் இருக்கிறது. விரிசல் தொடங்க அதைவிட வசதியான இடமில்லை.

பிராக்கெட்டை மறுபடி வெல்டு செய்யும் யோசனையை இந்த முறை யாரும் எடுக்கவில்லை. 6061 கோணப் பட்டையிலிருந்து வெல்டே இல்லாமல் ஒரே துண்டாக வெட்டினோம். 6 மி.மீ. தகட்டை வளைத்திருக்கலாம்தான், ஆனால் T6 நிலையில் இறுக்கமாக வளைத்தால் வெளிப்பக்கம் வெடிக்கும். உள்மூலையில் 6 மி.மீ. ரேடியஸ் விட்டு, எல்லா விளிம்பிலும் பிசிறு எடுத்து, எமரியால் கோடுகள் நீளவாக்கில் போகும்படி தேய்த்தோம். பைப்புக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் ரப்பர் மவுண்ட். முன்பக்கம் விறைப்பான இணைப்பை எடுத்துவிட்டு, கோ-கார்ட்டில் இருப்பதுபோல் ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்கும் நழுவு இணைப்பு. இப்போது பைப் நீளலாம், ஆடலாம்.

போட்டி நாள்

தகுதிச் சுற்று, அரையிறுதி, இறுதி என எல்லாவற்றிலும் ரம்பம் ஓடியது. இறுதியில் மூன்றாவது இடம். முதல் இரண்டும் பெரிய பைக் எஞ்சின் பொருத்திய ரம்பங்கள். அரையிறுதியில் இரண்டாவது வெட்டு கோட்டைத் தாண்டப் பார்த்தது. அது எஞ்சினால் வந்தது இல்லை, சங்கிலி ஓடும் நீளத் தகடான 'பார்' மரத்தில் இறங்கிய கோணத்தால். உரிமையாளர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: சுற்றுகளுக்கு நடுவில் ஊசியைத் தொடவே இல்லையாம்.

பிரித்துப் பார்த்தபோது

போட்டிக்குப் பிறகு ரம்பத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். சில வாரம் கழித்துத்தான் கொண்டுவந்தார்.

பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் சுத்தமாக இருந்தது. ரிங் சுலபமாக நகர்ந்தது. மேனிஃபோல்டு குளிரிலும் சூட்டிலும் அழுத்தத்தைத் தாங்கியது. பிராக்கெட்டில் டை அடித்துப் பார்த்ததில் கோடு எதுவும் இல்லை. மேனிஃபோல்டு போல்டுகளில் இரண்டு லேசாகத் தளர்ந்திருந்தன. பேப்பர் கேஸ்கெட் முதல் சூட்டில் அழுந்தி உட்காரும் என்பதால், முதல் ஓட்டத்துக்குப் பின் ஒரு முறை இறுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். அவசரத்தில் விட்டுப்போயிருக்கிறது.

கவலை தந்தது வேறொன்று. மேனிஃபோல்டின் அடிப்பக்கமும் கார்பரேட்டரின் உள்ளும் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. போட்டி முடிந்ததும் மெத்தனாலை வடிக்காமல் அப்படியே வைத்துவிட்டார். மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அலுமினியத்தை அரிக்கும், மெக்னீசியத்தை இன்னும் மோசமாக அரிக்கும். இந்த ரம்பத்தின் கிரேங்க் கேஸ் மெக்னீசியம். நல்லவேளையாக அங்கே எண்ணெய்ப் படலம் காப்பாற்றியிருந்தது. மேனிஃபோல்டு முகத்தில் ஒரு மூலையில் மட்டும் சின்னப் புள்ளிகள் விழுந்திருந்தன. மறுபடி எமரியில் தேய்த்து எடுத்தோம். 12 மி.மீ. தடிமன் இருந்ததால் அதற்கு இடம் இருந்தது.

அடுத்த முறை மாற்றப்போவது

மேனிஃபோல்டை அனடைஸ் (மின்முறையில் ஆக்சைடு பூச்சு ஏற்றுவது) செய்துதான் கொடுப்போம். இந்த முறை நேரமில்லாததால் விட்டோம். அந்தப் பூச்சின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை வெளிப்பக்கமாக வளரும் என்பதால் த்ரெட்டுகளை அடைத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். மூடும் முகத்தை அதற்குப் பிறகு லேசாகத் தேய்க்க வேண்டும். தேய்த்த முகத்தில் பூச்சு போய்விடும். ஆனால் கேஸ்கெட் மூடியிருக்கும் இடம் அது, மெத்தனால் தேங்கும் இடம் இல்லை.

மாற்றியமைத்த எஞ்சின் எது வந்தாலும் முதல் நாளே சூடான நிலையில் பிரஷர் டெஸ்ட் செய்வது இப்போது எங்கள் ஷாப்பில் வேலைச் சீட்டின் முதல் வரி. கூடவே வெல்டு செய்த பழைய தாங்கிகள் எல்லாவற்றுக்கும் டை டெஸ்ட். வாடிக்கையாளர் வேண்டாமென்றாலும் அதற்குத் தனிக் காசு வாங்காமல் செய்துவிடுவது என்று முடிவு. பிராக்கெட் விஷயத்தில் அந்தச் சோதனை முதலிலேயே நடந்திருந்தால், விரிசல் வைஸில் தெரிந்திருக்கும். ஓடும் ரம்பத்தில் கிணுகிணுத்திருக்காது.

ஓட்டி முடித்ததும் மெத்தனாலை வடித்து, பெட்ரோலும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் கலந்து ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்த வேண்டும் என்பதை இப்போது காகிதத்தில் எழுதித் தருவதோடு, டேங்க் மூடியிலேயே ஒட்டிவிடுகிறோம். அப்படிச் செய்யும்போது ஊசியைப் பெட்ரோலுக்கு ஏற்ப மூடிக்கொள்ள வேண்டும், முழு வேகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

கழற்றி மாட்டும் ஹெட்டுக்கு உரிமையாளர் மறுபடி சொல்லியிருக்கிறார். இந்தக் குளிர்காலத்தில் எடுத்துக்கொள்கிறோம். சிலிண்டரின் மேல்பகுதியை வெட்டும் முன், ஓ-ரிங் பள்ளத்துக்கு வெளியே போல்டுகளுக்குப் போதுமான சதை வார்ப்பில் இருக்கிறதா என்று பார்க்க, பழைய சீஸ் ஆன சிலிண்டர் ஒன்றைக் குறுக்கே அறுத்து அளந்துகொண்டிருக்கிறோம்.